உச்சிக்குழி

எங்கள் தீவில் மரம் இல்லை.
நிழல் வேண்டுமென்றால் பசுவுக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும்.
அதனால் ஸ்கார்வா குன்றின் உச்சியிலிருந்த கற்பதுக்கை
கடலில் வெகுதூரம் வரை தெரியும்.
படகுகள் அதைக் குறிவைத்தே துறைக்குத் திரும்பும்.
உள்ளே படுத்திருப்பது யார் என்று
ஒருவரும் கேட்டதில்லை.
கலங்கரை விளக்கிடம் யார் குலம் விசாரிப்பார்கள்?

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு, ஜூன்.
எடின்பரோவிலிருந்து ஹார்க்னஸ் துரை வந்தார்.
அளவுச் சங்கிலி இரண்டு, காது கேட்காத நாய் ஒன்று,
ஒரு குடை.
ஆர்க்னிக் காற்றில் குடை!
தோண்ட ஃபிளெட் சகோதரர்கள், நாளுக்கு ஒன்றரை ஷில்லிங்.
மண் சுமக்க நான், எட்டு பென்ஸ்.
என் பெயர் இங்கா இஸ்பிஸ்டர்.
அவருடைய ஏட்டில் 'பெண் ஒருத்தி'.

நான்கு நாள் கல்லுக்குக் கீழே கல்.
ஐந்தாம் நாள் தோமஸின் கடப்பாரை
எதிலும் மோதாமல் உள்ளே போனது,
போய்க்கொண்டே இருந்தது.
பிறகு அந்தத் துளை மூச்சு விட்டது.
பிறந்து பதினேழு வருடத்தில்
உப்பில்லாத காற்றை
அன்றுதான் முகர்ந்தேன்.

துரையின் தோள் நுழையவில்லை.
தோமஸுக்கு வயிறு.
அவன் தம்பிக்குப் பயம், இடுப்புவலி என்றான்.
மூவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.
"நான்கு பென்ஸ் கூடுதல்" என்றேன்.
துரை பதில் சொல்லாமல் கயிற்றை எடுத்தார்.

மீன் நாறும் படகுக் கயிறு கக்கத்தை அறுக்க
இறங்கினேன்.
மெழுகுவர்த்தி முதலில் என் கையைத்தான் காட்டியது,
அப்புறம் சுவரை.
ஒவ்வொரு கல்லும் கீழ்க்கல்லைவிட ஒரு விரல் முன்னால் நீண்டு,
பார்லி அள்ளிய கை கவிழ்ந்ததுபோல்
மேலே குவிந்திருந்தது.
சாந்து இல்லை. ஒரு கல்கூட அசையவில்லை.

சுவரோரம் தலைகள்,
ஞாயிறு காலை கோயில் பெஞ்சில் போல வரிசையாக.
நடுநடுவே கடற்கழுகின் நகங்கள், நாயின் தாடை.
ஒன்றைக் கையில் எடுத்தேன்.
பற்கள் ஈறுவரை தேய்ந்திருந்தன,
மணல் கலந்த மாவு தின்ற பற்கள்.
எங்கள் மாவிலும் மணல் உண்டு.

மேலிருந்து குரல்: "பொன் இருக்கிறதா?"
இல்லை.
"வாள்?"
இல்லை.
"என்னதான் இருக்கிறது?"
"ஆட்கள்" என்றேன்.

கூடை இறங்கியது, ஏறியது.
இருபத்துநான்கு முறை.

பின்சுவரில் ஒரு மாடம்,
முழங்காலிட்டால்தான் தெரியும்.
அதற்குள் ஒன்று,
என் உள்ளங்கையில் அடங்கியது.
உச்சிக்குழி இன்னும் மூடவில்லை.
சுண்டுவிரல் நுனியை அங்கே வைத்தேன்,
ஏன் வைத்தேன் என்று தெரியாது.
துடிக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

வைத்த இடத்திலேயே வைத்து
மாடத்தின் வாயில் ஒரு பலகைக்கல்லைச் சாய்த்தேன்.
கூடை வெறுமையாக ஏறியது.
"முடிந்ததா?"
"முடிந்தது."

புல்லில் வரிசையாகக் கிடந்தன தலைகள்.
நாய் ஒவ்வொன்றாக முகர்ந்து ஒன்றிடம் மட்டும் குரைத்தது.
திடீரென மழை.
துரை குடையை விரித்தார்,
தன் தலைக்கு அல்ல, அந்தத் தலைகளுக்கு.
காற்று குடையைத் திருப்பிப் போட்டது.
மறுபடி விரித்தார்.
அதற்காக அவரைப் பாதி மன்னித்தேன்.

மீதிப் பாதி, பனிக்காலத்தில்
பாதிரியார் செய்தித்தாளை வாசித்த அன்று தீர்ந்துபோனது.
'நானே உள்ளே இறங்கினேன்' என்றிருந்தது.
வைக்கோல் திணித்த பெட்டிகளில் அவர்கள் கப்பலேறியிருந்தார்கள்.
மூடுகல்லில் ஒன்று தோமஸின் பன்றிப்பட்டிக்குக் கதவானது.
பதுக்கை ஓர் ஆள் உயரம் குறைந்துவிட,
அந்த வருடம் இரண்டு படகுகள் துறையைத் தவறவிட்டன.
பிறகு எல்லோரும் புது உயரத்துக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டார்கள்.

கூடுதல் காசில் ஊசி வாங்கினேன்.
நல்ல ஊசிகள், இரண்டு இன்னும் இருக்கின்றன.

குன்றேறி வருகிறவர்கள் சில சமயம் என் கதவைத் தட்டி
உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்கிறார்கள்.
துரை எழுதிய எண்ணையே சொல்லி அனுப்புகிறேன்.